தேங்காய் எண்ணெயில் ஏன் ஓவியம் வரைய முடியாது?

சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனின் இறக்கையைத் துடைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பழுப்பு நிறத்தில், விரலில் ஒட்டியும் ஒட்டாமலும், சோப்புக்கும் வெந்நீருக்கும் மசியாத ஒரு பிசுக்கு அதில் ஏறியிருக்கும். சூரியகாந்தி எண்ணெய் கொதிக்கும்போது கிளம்பிய நுண்துளிகள் இறக்கையில் படிந்து, மாதக்கணக்கில் காற்றுப் பட்டு, எண்ணெய்த் தன்மை போய் முக்கால் பிளாஸ்டிக்காக மாறிய நிலை அது. தேங்காய் எண்ணெய் சிந்திய இடத்தில் இப்படி ஆவதில்லை. ஆறு மாதம் கழித்துத் தொட்டாலும் எண்ணெய் எண்ணெயாகவே இருக்கும். தூசி மட்டும் கூடியிருக்கும். ஆயில் பெயின்டிங் என்னும் கலை முழுவதும் இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது.

பொழுதுபோக்காக ஆயிலில் வரையத் தொடங்குபவருக்கு முதலில் கிடைப்பது விதிகள்தான். எண்ணெய் குறைந்த பூச்சு கீழே, கூடிய பூச்சு மேலே. ஆக்ரிலிக் மேல் ஆயில் வரலாம், ஆயில் மேல் ஆக்ரிலிக் கூடாது. ஆறு மாதம் போகாமல் வார்னிஷ் அடிக்காதே. துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதே. இவற்றை மனப்பாடம் செய்துகொண்டு பயந்து பயந்து வரைகிறவர்கள் நிறையப் பேர். எல்லாம் ஒரே வேதிவினையின் கிளைகள் என்று தெரிந்துவிட்டால் மனப்பாடத்துக்கு வேலையில்லை. புதிதாக ஒரு சிக்கல் வந்தாலும் விதியை நாமே ஊகித்துக்கொள்ளலாம்.

வாட்டர்கலர் காய்வது எளிய சங்கதி: தண்ணீர் ஆவியாகிப் போகிறது, நிறமி தாளில் தங்கிவிடுகிறது. ஆயிலில் போவதைவிட வருவதுதான் முக்கியம். கண்ணாடித் தகட்டில் ஆளி விதை எண்ணெயை மெல்லிதாகப் பூசி, நுட்பமான தராசில் நாள்தோறும் நிறுத்துப் பாருங்கள். காயக் காய எடை கூடும். பத்து சதவீதத்துக்கு மேலேகூடப் போகும். கூடியது, காற்றிலிருந்து எண்ணெய் இழுத்துக்கொண்ட ஆக்ஸிஜனின் எடை.

எல்லாத் தாவர எண்ணெய்களும் அமைப்பில் ஒரே மாதிரிதான்: ஒரு கிளிசராலில் மூன்று கொழுப்பு அமிலச் சங்கிலிகள். எந்தச் சங்கிலி என்பதில்தான் எண்ணெய்க்கு எண்ணெய் மாறுகிறது. தேங்காய் எண்ணெயின் சங்கிலிகளில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்றவை, அதாவது கார்பன்களுக்கு இடையே இரட்டைப் பிணைப்பே இல்லாதவை. ஆக்ஸிஜன் வந்தாலும் அதற்குப் பிடிமானம் இல்லை. ஆளி விதை எண்ணெயில் ஏறக்குறைய பாதி லினோலெனிக் அமிலம். 18 கார்பன் நீளச் சங்கிலியில் மூன்று இரட்டைப் பிணைப்புகள். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட கார்பனில் உள்ள ஹைட்ரஜனுக்குப் பிடி தளர்வு, சுலபமாகப் பிய்ந்துவிடும். லினோலெனிக்கில் அப்படிப்பட்ட இடங்கள் இரண்டு. சூரியகாந்தி எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் உள்ள லினோலெயிக்கில் ஒன்று. ஆலிவ் எண்ணெயில் மிகுந்திருக்கும் ஒலெயிக்கில் ஒன்றும் இல்லை.

ஹைட்ரஜன் போன இடத்தில் ஆக்ஸிஜன் வந்து ஒட்டிப் பெராக்சைடு ஆகிறது. பெராக்சைடு நிலையற்றது. அது உடைந்து பக்கத்துச் சங்கிலியின் ஹைட்ரஜனைப் பிடுங்க, அங்கேயும் அதே கதை. இந்த அமளியில் சங்கிலியும் சங்கிலியும் குறுக்கே பிணைந்துகொள்கின்றன. ஒரு வாரத்தில் திரவம் வலையாகிவிடுகிறது, மறுபடி உருக்கித் திரவமாக்க முடியாத வலை. வினையின்போது உடைந்து விழும் சிறு துண்டுகள் ஆல்டிஹைடுகளாக அறையில் பரவுகின்றன. புதிதாக வரைந்த படத்தின் வாசனையும், டப்பாவில் நாள்பட்ட முறுக்கின் காறல் வாடையும் ஒரே குடும்பம்.

எந்த எண்ணெய் காயும் என்பதற்கு வேதியியலாளர்கள் ஓர் எண் வைத்திருக்கிறார்கள். 100 கிராம் எண்ணெய் எத்தனை கிராம் அயோடினைப் பிடித்துக்கொள்கிறது என்ற அளவு அது. இரட்டைப் பிணைப்புகள் கூடினால் எண்ணும் கூடும். தேங்காய் எண்ணெய்க்கு 10க்குக் கீழேயும் மேலேயுமாக நிற்கும். நல்லெண்ணெய் 110 வாக்கில். சூரியகாந்தி 120, 130. ஆளி விதை எண்ணெய் 170 முதல் 200 வரை. சுமார் 130, 140ஐத் தாண்டினால்தான் ஓவியத்துக்கு ஆகும் என்பது பொதுக் கணக்கு. சூரியகாந்தி எண்ணெய் அந்த எல்லைக்கோட்டில் நிற்பதால்தான் ஃபேனில் பிசுக்காகிறது, ஆனால் கேன்வாஸில் நம்பத்தக்க படலமாவதில்லை.

காயும் எண்ணெயில் வண்ணம் குழைத்து வரைவதை முதலில் கண்டுபிடித்தவர் யார்? பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய எழுத்தாளர் ஜார்ஜோ வசாரி, 1550இல் வெளிவந்த தன் நூலில் பிளாண்டர்ஸ் ஓவியர் யான் வான் ஐக் என்று எழுதிவைத்தார். நெடுங்காலம் அதையே பாடமாகச் சொல்லிக் கொடுத்தார்கள். வான் ஐக்கின் மேதைமையில் ஐயமில்லை. 1432இல் முடிந்த கென்ட் நகரப் பலிபீட ஓவியத்தில் முத்தும் பட்டும் பளபளக்கும் விதத்தைப் பார்த்தால் வசாரி ஏன் அப்படி நம்பினார் என்று புரியும். ஆனால் வான் ஐக்குக்கு முந்நூறு ஆண்டுகள் முன்பே தியோபிலஸ் என்ற துறவி, ஆளி விதை எண்ணெயில் நிறமி அரைப்பது பற்றி எழுதி, ஒவ்வொரு பூச்சும் காயக் காத்திருப்பது பெரும் அலுப்பு என்று புலம்பியும் வைத்திருக்கிறார். அதற்கும் ஐந்து நூற்றாண்டுகள் முன்னால் போனால் ஆப்கானிஸ்தானின் பாமியன். 2001இல் தகர்க்கப்பட்ட பெரும் புத்தர் சிலைகளைச் சுற்றியிருந்த குகைகளின் சுவரோவியங்களிலிருந்து துகள் எடுத்து, பிரான்ஸின் கிரெனோபிள் சின்க்ரோட்ரானில் ஆராய்ந்தார்கள். ஐம்பது குகைகளில் பன்னிரண்டில், காயும் எண்ணெயில் குழைத்த வண்ணம் இருந்தது. ஏழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. 2008இல் முடிவுகள் வெளியாயின. அக்ரூட் (வால்நட்), கசகசா எண்ணெய்களாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வாளர்கள். ஐரோப்பியக் கலை என்று நாம் நினைத்துக்கொண்டிருந்த ஒன்று, பட்டுப்பாதையோரப் பௌத்தக் குகைகளில் எப்போதோ நடந்துவிட்டது.

தென்னிந்தியாவுக்கு இந்தக் கலை வந்த விதத்தில் நுட்பமே ரகசியமாக இருந்தது. திருவிதாங்கூர் அரண்மனையில் ஆயிலில் கைதேர்ந்தவராக இருந்தவர் மதுரையைச் சேர்ந்த ராமசாமி நாயக்கர். இளைஞர் ரவிவர்மாவுக்குக் கற்றுத்தர அவர் மறுத்துவிட்டார் என்றும், நாயக்கரின் மாணவர் ஆறுமுகம் பிள்ளை ஆசிரியருக்குத் தெரியாமல் உதவினார் என்றும் ரவிவர்மாவின் வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 1868இல் தியோடர் ஜென்சன் என்ற டேனிஷ் ஓவியர் அரண்மனைக்கு வந்தபோதும், வரைவதை வேடிக்கை பார்க்க மட்டும்தான் ரவிவர்மாவுக்கு அனுமதி. நிறத்தை எங்கே வைப்பது என்பதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். எண்ணெயை எவ்வளவு சேர்ப்பது, எத்தனை நாள் காத்திருப்பது என்பதைப் பார்த்துக் கற்பது மிகக் கடினம். 1873இல் சென்னைக் கண்காட்சியில் பரிசு பெறும் அளவுக்கு அவர் வந்தது அசாத்தியம் என்றே சொல்வேன். இன்று அந்த ரகசியத்தில் பெரும்பகுதி டியூப்பின் லேபிளிலேயே அச்சாகிக் கிடக்கிறது, படிப்பவர்கள்தான் குறைவு.

எண்ணெயில் தொடங்குவோம். கலைப்பொருள் கடைகளில் ஆளி விதை எண்ணெயைச் சுத்திகரித்தது, சூரிய ஒளியில் கெட்டியாக்கியது, 'ஸ்டான்ட் ஆயில்' என்று காற்றில்லாமல் காய்ச்சிக் கெட்டியாக்கியது எனப் பலவாக விற்கிறார்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 'டபுள் பாயில்டு லின்சீட் ஆயில்' இவற்றில் சேராது. அது ஆசாரிகள் மரக்கதவுக்குப் பூசுவது. சீக்கிரம் காய உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள், நிறம் கறுக்கும். விலை கால்வாசி என்பதால் ஆசை வரும். வேண்டாம்.

ஆளி விதை எண்ணெயின் குறை, அது மஞ்சளாவது. நீல வானமும் வெள்ளைச் சுவரும் சில ஆண்டுகளில் லேசாகப் பழுப்பேறும். அதனால் வெளிர் நிறங்களுக்கு அக்ரூட் எண்ணெய், குசும்பா எண்ணெய், கசகசா எண்ணெய் ஆகியவற்றைச் சிலர் விரும்புகிறார்கள். அவற்றில் லினோலெனிக் குறைவு, லினோலெயிக் மிகுதி. அதனால் மஞ்சளாவதும் குறைவு. ஆனால் காயும் வேகமும் படலத்தின் உறுதியும் சேர்ந்தே குறையும். இரண்டில் ஒன்றைத்தான் பெறலாம். கீழ்ப்பூச்சுக்கு ஆளி விதை எண்ணெய், மேலே வெளிர் நிறங்களுக்கு மட்டும் மற்றவை என்பது என் கட்சி. இன்னொன்று: இந்த மஞ்சள் இருட்டில் கூடும், வெளிச்சத்தில் ஓரளவு மறையும். பதினேழாம் நூற்றாண்டிலேயே ஓவியர் ரூபன்ஸுக்கு இது தெரியும். ஈரம் முழுதும் காயுமுன் பெட்டியில் அடைத்து அனுப்பிய தன் உருவப்படம் மஞ்சளாகியிருந்தால், வெயிலில் வைத்தால் சரியாகும் என்று நண்பருக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வரைந்து முடித்த படத்தைக் கட்டிலுக்கு அடியிலோ அலமாரிக்குப் பின்னாலோ ஒளித்து உலர்த்துபவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இது. வெளிச்சமுள்ள, தூசி படாத சுவரில் மாட்டுங்கள். நேர் உச்சி வெயில் தேவையில்லை.

வினை மேல்புறத்திலிருந்துதான் தொடங்குகிறது, ஏனென்றால் ஆக்ஸிஜன் அங்கிருந்துதான் வருகிறது. தடித்த பூச்சில் எண்ணெய் மிகுந்தால் மேலே தோல் கட்டிவிடும், அடியில் இளக்கமாகவே கிடக்கும். ஆக்ஸிஜனை வாங்கிய தோல் விரிய, விரிய இடமில்லாமல் சுருக்கம் விழும். சித்திரை, வைகாசி வெப்பத்தில் இந்த அவசரம் இன்னும் கூடும். கனமாகப் பூச ஆசைப்படுகிறவர்கள் டியூப்பிலிருந்து வந்த வண்ணத்தை அப்படியே கத்தியால் அப்பலாம். கூடுதல் எண்ணெய் ஊற்றிக் குழைத்ததை அப்பக் கூடாது.

'ஃபேட் ஓவர் லீன்' என்று ஓவியப் பள்ளிகளில் ஓதும் விதி இங்கேதான் பிறக்கிறது. எண்ணெய் குறைந்த பூச்சு விரைவில் இறுகி, விறைப்பாகிவிடும். எண்ணெய் கூடியது மெல்ல இறுகும், நெடுநாள் வளைந்து கொடுக்கும். மெல்ல இறுகுவதைக் கீழே வைத்து விரைவில் இறுகுவதை மேலே வைத்தால், அடிப்பூச்சு அசையும்போதெல்லாம் மேல்பூச்சு வெடிக்கும். இதற்கு மோசமான சான்று இங்கிலாந்து ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ். பதினெட்டாம் நூற்றாண்டில் புகழின் உச்சியிலிருந்த மனிதர், பழுப்பு நிழல்களின் செழுமைக்காகத் தார் போன்ற பிட்டுமனைக் கலந்தார். அது என்றைக்கும் முழுதாகக் காயாது. அவர் உயிரோடு இருக்கும்போதே படங்கள் பாளம் பாளமாகப் பிளந்தன. சிவப்புக்கு அவர் பயன்படுத்திய கார்மின் சாயமும் வெளுத்து, அவர் வரைந்த முகங்கள் ரத்தசோகை பிடித்ததுபோல் ஆயின.

நடைமுறையில் முதல் பூச்சுக்கு வண்ணத்தோடு கொஞ்சம் டர்பன்டைன், நடுப்பூச்சுக்கு டியூப் வண்ணம் அப்படியே, கடைசிப் பூச்சுகளுக்குச் சில துளி எண்ணெய் என்றால் போதும். சொட்டுக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். ஒரே அமர்வில், ஈரத்தின் மேல் ஈரமாக முடிக்கிறவர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. அது ஒரே பூச்சுதானே.

எண்ணெய் மட்டும்தான் வினைபுரிகிறது, நிறமி சும்மா நிற்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. பர்ன்ட் அம்பர் ஓரிரு நாளில் தொட்டால் ஒட்டாது. ஐவரி பிளாக் ஒரு வாரம் கழித்தும் ஒட்டும். அம்பர் மண்ணில் மாங்கனீஸ் இருக்கிறது. மாங்கனீஸ், கோபால்ட், ஈயம் போன்ற உலோகங்கள் பெராக்சைடு உடைவதைத் துரிதப்படுத்தும் ஊக்கிகள். கறுப்பு கார்பனுக்கு அந்தத் திறன் இல்லை, அதோடு குழைக்க எண்ணெயும் நிறையக் கேட்கும். முதல் பூச்சில் கோட்டுருவத்தை அம்பரில் போட்டுக்கொள்ளும் பழைய வழக்கத்துக்குக் காரணம் இதுதான். அடிப்பூச்சு முழுவதும் கறுப்பை அப்பி அதன் மேல் வரைவது பார்க்க நாடகமாக இருக்கும், ஆனால் கீழிருந்து வெடிப்புக்கு அச்சாரம் போட்டதாகிவிடும்.

நிறமிகளில் அதிகம் பேச வேண்டியது வெள்ளையைப் பற்றி. வேறு எந்த டியூப்பும் இவ்வளவு சீக்கிரம் தீராது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். சாக்பீஸைப் பொடித்து ஆளி விதை எண்ணெயில் குழையுங்கள். பால் வெள்ளையாக இருந்த பொடி அழுக்கு மஞ்சள் களிம்பாகி, கண்ணாடி போல் ஒளி ஊடுருவத் தொடங்கும். பொடியின் வெண்மை என்பது ஒளி ஒவ்வொரு துகளிலும் வளைந்து சிதறுவதால் வருவது. துகளுக்கும் சுற்றியுள்ள பொருளுக்கும் ஒளிவிலகல் எண்ணில் வேறுபாடு இருந்தால்தான் சிதறும். காற்றுக்கு 1, சாக்பீஸுக்கு 1.6 வாக்கில், நல்ல வேறுபாடு, வெள்ளை. எண்ணெய்க்கு 1.48, வேறுபாடு சுருங்கிவிட்டது, வெண்மை போச்சு. ஆக எண்ணெயில் வெள்ளையாக இருக்க வேண்டுமென்றால் ஒளிவிலகல் எண் மிக உயர்ந்த பொருள் வேண்டும். நெடுங்காலம் அதற்கு ஈய வெள்ளைதான் கதி, சுமார் 2. புளிக்காடியின் ஆவியில் ஈயத் தகடுகளை வைத்து, சாணியின் சூட்டில் மாதக்கணக்கில் வேகவிட்டு உரித்தெடுப்பார்கள். ஈயம் எண்ணெயோடு சேர்ந்து உண்டாக்கும் சோப்பு, படலத்துக்கு நெகிழ்வும் உறுதியும் தந்தது. செய்தவர்களுக்கும் அரைத்தவர்களுக்கும் நஞ்சும் தந்தது. வீட்டில், குழந்தைகள் நடமாடும் இடத்தில் வரைகிறவருக்கு ஈய வெள்ளை தேவையே இல்லை என்பது என் தீர்மானமான கருத்து.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மாற்றாக வந்த ஜிங்க் வெள்ளைக்கு நஞ்சுக் குறை இல்லை, வேறு குறை உண்டு. அது எண்ணெயில் ஆண்டுகள் போகப் போக நொறுங்கும் தன்மை அடைந்து, அடிப்பூச்சிலிருந்து பெயர்ந்துவிடுகிறது என்று ஓவியப் பாதுகாப்பு வேதியியலாளர்கள் தொடர்ந்து எச்சரிக்கிறார்கள். 1920கள் வாக்கில் ஓவியர்கள் கைக்கு வந்தது டைட்டானியம் வெள்ளை. ஒளிவிலகல் எண் 2.7, ஒரே பூச்சில் கீழிருப்பதை எல்லாம் மறைத்துவிடும். அதன் மூலப்பொருளான இல்மனைட் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் கிடக்கிறது. கறுத்த மணலிலிருந்து உலகின் மிக வெள்ளையான நிறமி. டியூப் வாங்கும்போது பி.டபிள்யூ. 6 என்ற குறியைப் பாருங்கள், அது டைட்டானியம். பி.டபிள்யூ. 4 என்றும் சேர்ந்திருந்தால் ஜிங்க் கலந்திருக்கிறார்கள். மேல்பூச்சில் சிறிதளவு என்றால் பெரிய மோசமில்லை. முழு கேன்வாஸுக்கும் அடிப்பூச்சாக வேண்டாம்.

ஒளியின் இதே கணக்கு இன்னொரு விசித்திரத்தையும் விளக்குகிறது. முதுமையில் எண்ணெய்ப் படலத்தின் ஒளிவிலகல் எண் மெல்ல ஏறும். ஈய வெள்ளையும் சோப்பாக மாறிக் கரையும். மெல்லிய பூச்சுகளை ஒளி ஊடுருவத் தொடங்கி, ஓவியர் மறைத்ததெல்லாம் மேலே எட்டிப் பார்க்கும். லண்டன் நேஷனல் கேலரியில் டச்சு ஓவியர் பீட்டர் டி ஹூக்கின் ஒரு படத்தில், பணிப்பெண்ணின் பாவாடை வழியே தரையின் கட்டங்கள் தெரிகின்றன. தரையை முழுக்க வரைந்துவிட்டுப் பிறகுதான் அவளை அங்கே நிறுத்தியிருக்கிறார் மனிதர். இந்த ஊடுருவலை வேண்டுமென்றே கையாண்டவர் லியோனார்டோ. மோனாலிசாவின் கன்னத்து நிழலை 2010இல் எக்ஸ்ரே ஒளிர்வு முறையில் அளந்தபோது, சில மைக்ரோமீட்டர் கனமே உள்ள பூச்சுகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பது தெரிந்தது. எல்லாம் சேர்ந்தே 30, 40 மைக்ரோமீட்டர்தான்; ஒரு தலைமுடியின் கனத்துக்கும் கீழே. ஒவ்வொன்றும் காயக் காத்திருந்த பொறுமைதான் அந்தப் படத்தில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. புன்னகை அப்புறம்.

நிறம் நிலைக்குமா என்பது தனிப் பிரச்சினை. வான்கோவின் படுக்கையறை ஓவியத்தில் சுவர்கள் நீலமாக இருப்பதைத்தான் நாம் எல்லோரும் அறிவோம். அவர் பூசியது ஊதா. அதிலிருந்த சிவப்புச் சாயம் வெளுத்துப்போய் நீலம் மிஞ்சியது. அவருடைய சில மஞ்சள்கள் பழுப்பானதற்கு 2011இல் விடை கிடைத்தது: குரோம் யெல்லோ என்னும் ஈயக் குரோமேட்டில் ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், ஒளி பட்டு மூன்று இணைதிறனுக்கு இறங்குகிறது. பச்சை கலந்த பழுப்பு அதன் நிறம்.

இன்றைக்கும் பெட்டி பெட்டியாக விற்கும் அலிசரின் கிரிம்சன் இந்த வகைதான். மஞ்சிட்டியின் உறவுக்காரச் செடியான மேடர் வேரில் இருந்த சிவப்பை, 1868இல் ஜெர்மனியின் கிரேபேயும் லீபர்மனும் செயற்கையாகச் செய்தார்கள். அழகான நிறம். வெள்ளையோடு கலந்து வெளிறச் செய்தால் வெளிச்சத்தில் நிற்காது. அதன் குறி பி.ஆர். 83. பெயர் அதுவே இருந்தாலும் பின்னால் 'பெர்மனென்ட்' என்று சேர்த்து, குவினாக்ரிடோன் போன்ற நிலையான நிறமியில் செய்த டியூப்கள் உண்டு, அவற்றை வாங்குங்கள். 'ஹியூ' என்ற சொல் இருந்தால், பெயரில் சொன்ன நிறமி உள்ளே இல்லை, அதைப் போன்ற நிறம்தான் இருக்கிறது என்று பொருள். கேட்மியம் யெல்லோ ஹியூ மட்டமானது என்று முகம் சுளிக்க வேண்டாம். கற்கும் காலத்தில் நஞ்சும் விலையும் குறைந்த அது நல்லதே. உண்மையான கேட்மியம் வைத்திருப்பவர்கள் காய்ந்த படத்தைத் தேய்த்துத் தூள் கிளப்பாமலும், பிரஷை வாயில் கூராக்காமலும் இருந்தால் போதும்.

முதல் பெட்டிக்கு ஆறேழு டியூப் தாராளம்: டைட்டானியம் வெள்ளை, அல்ட்ராமரீன், பர்ன்ட் அம்பர், ஒரு மஞ்சள், ஒரு சூடான சிவப்பு, ஒரு குளிர்ந்த சிவப்பு, யெல்லோ ஓக்கர். அல்ட்ராமரீனையும் பர்ன்ட் அம்பரையும் கலந்தால் கிடைக்கும் கறுப்பு, டியூப் கறுப்பைவிட உயிரோட்டமானது. அல்ட்ராமரீன் ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷானில் வெட்டிய லாபிஸ் கல்லைத் தூளாக்கிச் செய்தது, தங்கத்துக்கு இணையாக விலை பேசப்பட்டது. 1820களில் பிரெஞ்சுச் சங்கம் ஒன்று பரிசு அறிவித்ததில், கீமே என்பவர் உலையில் அதைச் செய்துகாட்டினார். அதே சேர்மம்தான் இன்று மலிவு டியூப்பில் வருகிறது.

கேன்வாஸைப் பற்றி ஒரே ஒரு விஷயம். காயும் எண்ணெய் அமிலத்தன்மை அடையும். பருத்தி நாரை நேரே தொட்டால் சில பத்தாண்டுகளில் துணி இற்றுவிடும். துணிக்கும் எண்ணெய்க்கும் நடுவே ஒரு தடுப்பு வேண்டும். பழைய ஐரோப்பியர் முயல் தோல் பசை பூசினார்கள். அது ஈரக்காற்றில் ஊதிச் சுருங்கும், நம் கடலோர ஊர்களில் பூஞ்சைக்கு விருந்தும் ஆகும். ஆக்ரிலிக் ஜெஸ்ஸோ இரண்டு மூன்று பூச்சு என்பது நமக்குப் பொருத்தம். ஐப்பசி, கார்த்திகையில் கேன்வாஸ் தொய்ந்தால் பதற வேண்டாம், சட்டத்தின் மூலையில் இருக்கும் ஆப்புகளை லேசாகத் தட்டினால் இறுகும். மழை ஈரம் ஊறும் சுவரில் ஒட்டி மாட்டாமல், பின்னால் சிறு தக்கைகள் வைத்துக் காற்றோட இடம் விடுங்கள்.

கரைப்பான் விஷயத்தில் கடைக்காரர் சொல்வதை அப்படியே கேட்கக் கூடாது. பைன் மரப் பாலிலிருந்து வடிப்பது டர்பன்டைன். பெயின்ட் கடையில் 'டர்பன்ட்' என்று கொடுப்பது பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து வந்த எம்.டி.ஓ. பிரஷ் கழுவ அது போதும். ஆனால் 'தின்னர்' என்று லாரி பட்டறைகளில் புழங்குவது வேறு; அசிட்டோன், டொலுவீன் வகையறா. படத்தையும் கெடுக்கும், மூச்சையும் கெடுக்கும். ஏ.சி. போட்டு ஜன்னலை மூடிய படுக்கையறையில் எதையும் திறந்துவைக்காதீர்கள். கரைப்பானே இல்லாமலும் காலம் தள்ளலாம்: பிரஷைத் துடைத்து, சமையல் எண்ணெயில் அலசி, மீண்டும் துடைத்து, பார் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவுவது. சோப்புப் போடும் படியைத் தவிர்க்காதீர்கள். மிஞ்சிய சமையல் எண்ணெய் அடுத்த படத்தில் கலந்தால் அந்த இடம் காயாமல் அடம்பிடிக்கும்.

துடைத்த துணி. ஆக்ஸிஜனேற்றம் வெப்பம் உமிழும் வினை. கேன்வாஸில் அந்த வெப்பம் தெரியாமல் போய்விடும். எண்ணெய் ஊறிய பனியன் வேஸ்ட்டைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டால், நாரெல்லாம் பரப்பு, உள்ளே காற்று, வெப்பம் வெளியேற வழியில்லை. சூடு ஏற ஏற வினை வேகம் பிடிக்கும், சில மணி நேரத்தில் தானே தீப்பற்றும். 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 38 மாடி ஒன் மெரிடியன் பிளாசா இப்படித்தான் எரிந்தது. மரவேலை செய்தவர்கள் 22ஆம் மாடியில் விட்டுச்சென்ற ஆளி விதை எண்ணெய்த் துணிகள். மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். தீ முப்பதாம் மாடியில், தெளிப்பான் பொருத்தியிருந்த தளத்தில்தான் நின்றது. நம் வீட்டில் ஒரு படத்துக்கு இரண்டு துணிதான் ஆகும், ஆனால் வினை அளவு பார்ப்பதில்லை. கொடியில் ஒற்றையாக விரித்துக் காயப்போட்டு, விறைப்பான பிறகு குப்பையில் போடுங்கள். உடனே அப்புறப்படுத்த வேண்டுமென்றால் தண்ணீரில் நனைத்து, மூடி போட்ட தகர டப்பாவில்.

கடைசியாக வார்னிஷ். தொட்டால் ஒட்டவில்லை என்பதால் வினை முடிந்துவிட்டதாக ஆகாது. மேல்தோல் இறுகியிருக்கிறது, அவ்வளவே. உள்ளே இன்னும் ஆக்ஸிஜன் போய்க்கொண்டிருக்கிறது. சீக்கிரம் வார்னிஷ் அடித்தால் அது வண்ணத்தோடு ஒன்றிப்போய், பின்னாளில் சுத்தம் செய்ய நேர்ந்தால் வண்ணத்தையும் பெயர்த்துக்கொண்டு வரும். மெல்லிய படத்துக்கு ஆறு மாதம், கனமாக அப்பியதற்கு ஓராண்டு. ஓரத்தில், அடர்ந்த நிறமுள்ள ஓர் இடத்தைக் கரைப்பானில் நனைத்த பஞ்சால் லேசாகத் தொட்டுப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் இன்னும் பொறுக்க வேண்டும். கேன்வாஸின் பின்புறச் சட்டத்தில் வரைந்து முடித்த தேதி, எந்த எண்ணெய், எந்த வெள்ளை என்று பென்சிலால் எழுதி வைப்பது நல்ல பழக்கம். பிற்காலத்தில் படத்தைச் செப்பனிட வருபவர் முதலில் திருப்பிப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.